துறைமுகத்திலிருந்து குன்றுக்கு: மலேசியா டிராகன்ஸ் அணியின் ஒரு பருவம்

வெஸ்ட்போர்ட்ஸ் மலேசியா டிராகன்ஸ் என்ற தொழில்முறைக் கூடைப்பந்து அணி, 2016 மார்ச்சில் சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸை வென்று ஆசியான் கூடைப்பந்து லீக்கின் கோப்பையைக் கைப்பற்றியது. மலேசிய அணி ஒன்று அந்த லீக்கின் பட்டத்தை வென்றது அதுவே முதல் முறை. அந்தப் பருவத்தைப் புரிந்துகொள்ளக் கிள்ளான் பள்ளத்தாக்கின் குறுக்கே ஒரு பயணம் தேவைப்படுகிறது. அணி தன் பெயரில் தாங்கிய துறைமுகம் பள்ளத்தாக்கின் மேற்கு முனையில், மலாக்கா நீரிணையின் ஓரம் இருக்கிறது. அணி ஆடிய அரங்கம் கிழக்கே, கோலாலம்பூரின் பழைய நகர்ப் பகுதியில் ஒரு குன்றின் மேல் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே கிள்ளான் நகரம், கோமுட்டர் ரயில் பாதை, பிரிக்பீல்ட்ஸ், மோனோரயில். மலேசியக் கூடைப்பந்தின் கதையில் பெரும்பகுதி இந்தப் பாதையில் வருகிறது.

முதலில் லீக்கைப் பற்றி. ஆசியான் கூடைப்பந்து லீக் 2009இல் தொடங்கியது. ஏர் ஆசியா நிறுவனத்தின் டோனி பெர்னாண்டஸ் அதைத் தொடங்கியவர்களுள் முக்கியமானவர்; விமான நிறுவனத்தின் பெயரும் லீக்கோடு சேர்ந்தே வந்தது. தென்கிழக்காசிய நகரங்களைக் குறைந்த கட்டண விமானங்கள் இணைத்த காலம் அது. ஒரு வார இறுதியில் மணிலாவிலும் அடுத்ததில் பாங்காக்கிலும் ஆடுவது ஓர் அணியின் கைக்கு எட்டும் செலவாக அப்போதுதான் மாறியது. முதல் பருவத்தில் ஆறு அணிகள் ஆடின: பிலிப்பைன்ஸ் பேட்ரியட்ஸ், இந்தோனேசியாவின் சத்ரியா மூடா, தாய்லாந்து டைகர்ஸ், சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ், புருணை பாராகுடாஸ், அப்புறம் பின்னாளில் மலேசியா டிராகன்ஸ் ஆன கோலாலம்பூர் டிராகன்ஸ். பேட்ரியட்ஸ் கோப்பையை எடுத்துச் சென்றது. அடுத்த பருவங்களில் தாய்லாந்து, இந்தோனேசியா, மீண்டும் பிலிப்பைன்ஸ் என்று கோப்பை நாடு நாடாகச் சுற்றிவந்தது. கோலாலம்பூருக்கு மட்டும் வரவில்லை. 2014இல் டிராகன்ஸ் இறுதிச் சுற்று வரை போய், ஹைடெக் பாங்காக் சிட்டி அணியிடம் தோற்றது. 2015-16 பருவத்தை இந்தத் தோல்வியோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அணியின் பெயரில் முன்னால் வரும் வெஸ்ட்போர்ட்ஸ், போர்ட் கிள்ளானின் மேற்குத் துறைமுகம். 1901இல் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்ட பழைய துறைமுகம், 1972இல் போர்ட் கிள்ளான் ஆனது. ரப்பரும் ஈயமும் போன வழி அது. தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்கள் பலர் கால் வைத்த வழியும் அதுவே. வெஸ்ட்போர்ட்ஸ் அதற்குப் பிந்தியது. முன்பு பூலாவ் லுமுட் என்று அழைக்கப்பட்ட பூலாவ் இண்டா தீவின் சதுப்பு நிலத்தை மேடாக்கி, 1990களில் எழுந்த தனியார் துறைமுகம். இப்போது ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட கொள்கலன்களை, இருபது அடிக் கணக்கில், அது கையாள்கிறது. சாலை தீவுக்குள் நுழையும் இடத்திலிருந்தே இந்தத் தொழிலின் அளவு தெரிந்துவிடும். இரு பக்கமும் லாரிகள் வரிசை பிடித்து நிற்கும். அடுக்கிய கொள்கலன்களுக்கு மேலே, கரையோரப் பாரந்தூக்கிகள் கைகளை உயர்த்தியபடி அடுத்த கப்பலுக்குக் காத்திருக்கும்.

இந்தத் துறைமுகத்தை உருவாக்கியவர் டான் ஸ்ரீ ஜி. ஞானலிங்கம். மலேசியத் தமிழர், 2023 ஜூலையில் காலமானார். அவருடைய மகன் ரூபன் ஞானலிங்கம் இப்போது அந்த நிறுவனத்தின் தலைவர். இங்கிலாந்தின் குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கால்பந்துக் கழகத்தில் டோனி பெர்னாண்டஸோடு பங்குதாரராக இருந்தவர் என்பதால் விளையாட்டு உலகில் அறியப்பட்ட பெயர். டிராகன்ஸ் அணியின் உரிமையாளர்களில் ஒருவராக இருந்தவரும் இவரே. மலேசியாவில் கூடைப்பந்தைச் சீனர் விளையாட்டு என்றே பலர் சொல்வார்கள். அந்த விளையாட்டின் முதல் தொழில்முறை வெற்றிக்குப் பின்னால் ஒரு தமிழ்க் குடும்பத்தின் துறைமுகப் பணம் நின்றது. மலேசியத் தமிழர்களின் விளையாட்டு வரலாறு எழுதப்படும்போது இந்தச் செய்தி ஓரத்தில் விடப்படக் கூடாது. ஓட்டப்பந்தயத்திலும் ஹாக்கியிலும் கால்பந்திலும் தமிழர்கள் ஆடிய பெருமை எல்லோருக்கும் தெரியும். ஓர் அணியை ஆண்டுக் கணக்கில் தாங்கிப் பிடிப்பது வேறு வகை உழைப்பு. அதுவும் விளையாட்டின் ஒரு பகுதிதான்.

பெலாபுஹான் கிள்ளான் என்று பலகை போட்ட கடைசி நிலையத்திலிருந்து கோமுட்டர் ரயில் கிளம்புகிறது. ஜாலான் கஸ்தாம், கம்போங் ராஜா ஊடா, தெலுக் காடோங், தெலுக் பூலாய் என்று நிலையங்கள் நெருக்கமாக வரும். அதன்பின் கிள்ளான். ஆற்றங்கரையை ஒட்டிய பழைய நிலையத்திலிருந்து வெளியே வந்து தெங்கு கெலானா சாலைக்கு நடந்தால், பூக்கடைகளும் நகைக்கடைகளும் புடவைக் கடைகளும் கொண்ட லிட்டில் இந்தியா. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அங்கே நடக்கவே இடமிருக்காது. பக்கத்திலேயே 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுந்த சுந்தரராஜப் பெருமாள் கோயில்.

கிள்ளானுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஹின் ஹுவா, குவாங் ஹுவா, பின் ஹுவா, சுங் ஹுவா என்று நான்கு சீனத் தனியார் இடைநிலைப் பள்ளிகள் இந்த ஒரே ஊரில் இருக்கின்றன. மலேசியா முழுக்க இத்தகைய பள்ளிகள் அறுபதுக்குச் சற்று மேல். கூடைப்பந்து இந்த நாட்டில் உயிரோடு இருப்பதற்கு இவையும், இவற்றுக்கு மாணவர்களை அனுப்பும் சீனத் தொடக்கப் பள்ளிகளும், ஊருக்கு ஊர் இருக்கும் சீனச் சங்கங்களும்தான் காரணம். சங்கக் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டுத் தளம், இரண்டு முனையிலும் வளையம், மேலே தகரக் கூரை. அடிக்கடி மழை பெய்யும் நாட்டில் அந்தக் கூரை பெரிய விஷயம். சாயங்காலம் விளக்கு போட்டதும் கடை மூடிவிட்டு வந்த நடுத்தர வயதுக்காரர்கள் ஒரு பக்கமும், பள்ளி மாணவர்கள் மறுபக்கமும் ஆடுவார்கள். நடுவில் யாரும் பயிற்சியாளர் கிடையாது. மூத்தவர் ஆடுவதைப் பார்த்துச் சிறுவன் கற்கிறான். தேசிய அணியின் ஆட்டக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் இப்படிப்பட்ட தளங்களிலிருந்து வந்தவர்கள்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இந்த வழி பெரும்பாலும் திறந்திருக்கவில்லை. தோட்டத்துத் திடலில் கால்பந்து இருந்தது, பட்டணத்து அரசுப் பள்ளிகளில் ஹாக்கியும் ஓட்டமும் இருந்தன. கூடைப்பந்துக்குச் சமமான தளமும் பலகையும் வேண்டும்; தோட்டத்துப் பள்ளிகளுக்கு அது எளிதில் கிடைப்பதாக இல்லை. அப்படியிருந்தும் சிலர் மேலே வந்தார்கள். குகனேஸ்வரன் பத்துமலை, சத்தியசீலன் குப்புசாமி என்ற இருவரும் மலேசியாவுக்காக ஆடியவர்கள். டிராகன்ஸ் அணியின் சட்டையையும் அணிந்தவர்கள். லோ ஷீ பாய், சீ லி வெய், குவெக் தியான் யுவான் போன்ற சீன ஆட்டக்காரர்களோடு அவர்கள் ஒரே அணியில் நின்ற காலத்தில், அரங்கின் அறிவிப்பாளர் குரலில் பத்துமலை என்ற பெயர் ஒலித்தது. முருகன் கோயிலால் நாடறிந்த பெயர், ஒரு கூடைப்பந்து வீரரின் முதுகில் இருந்தது. அப்படிப்பட்ட பெயர்கள் இன்னும் நிறைய வந்திருக்க வேண்டும். தளங்கள் இருந்திருந்தால் வந்திருக்கும்.

கிள்ளானைத் தாண்டிய ரயில் புக்கிட் பாடாக், பாடாங் ஜாவா, ஷா ஆலாம், பத்து தீகா, சுபாங் ஜெயா வழியாகக் கோலாலம்பூரை நோக்கிப் போகிறது. இந்தப் பாதையின் முதல் பகுதி 1886இல் திறக்கப்பட்டது. ஈயச் சுரங்க நகரத்தைத் துறைமுகத்தோடு இணைக்கப் போடப்பட்டது. முனையிலிருந்து கே.எல். சென்ட்ரல் வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்த நேரத்தில் மலேசியக் கூடைப்பந்தின் பழைய கணக்கைச் சொல்லிவிடலாம்.

தென்கிழக்காசியாவில் கூடைப்பந்து என்றால் பிலிப்பைன்ஸ். அங்கே அது தெருவுக்குத் தெரு ஆடப்படும் தேசிய வெறி. தென்கிழக்காசிய நாடுகளுக்கான சீ விளையாட்டுப் போட்டிகளின் ஆடவர் கூடைப்பந்தில் பிலிப்பைன்ஸ் தங்கத்தை இழந்த ஆண்டுகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அவற்றில் இரண்டு முறை தங்கத்தைப் பறித்தது மலேசியா: 1979இல் ஜகார்த்தாவில், 1989இல் சொந்த மண்ணான கோலாலம்பூரில். ஆசியக் கூடைப்பந்து வாகையர் போட்டியையும் கோலாலம்பூர் இரு முறை நடத்தியிருக்கிறது. 1977இல் சீனா வென்றது. 1985இன் போட்டி புத்தாண்டைத் தாண்டி நீண்டு, பிலிப்பைன்ஸின் வெற்றியில் முடிந்தது. ஆக, 1980களின் மலேசியா வட்டாரத்தில் மதிக்கப்பட்ட அணி. அதன்பின் சறுக்கல். மற்ற நாடுகள் தொழில்முறை லீக்குகளை வளர்த்தன. கலப்பு வம்சாவளி வீரர்களை அமெரிக்காவிலிருந்து அழைத்து வந்தன. மலேசிய வீரர்களோ படிப்பு முடிந்ததும் வேலைக்குப் போனார்கள். 22 வயதில் ஆட்டத்தின் உச்சத்தை நெருங்குபவர், குடும்பத்தைக் காப்பாற்ற ஆட்டத்தை விட வேண்டியிருந்தது. டிராகன்ஸ் போன்ற ஓர் அணி நாட்டுக்குத் தேவைப்பட்டதன் காரணம் இதுதான். கூடைப்பந்தை ஆடிச் சம்பளம் வாங்க ஓர் இடம் வேண்டியிருந்தது.

கே.எல். சென்ட்ரல் 2001இல் திறக்கப்பட்டது. முன்பு ரயில் பெட்டிகள் பிரித்துக் கோக்கப்பட்ட பெரிய யார்டின் மேல் அது நிற்கிறது. அந்த யார்டால் உருவான ஊர்தான் பிரிக்பீல்ட்ஸ். 1880களில் கோலாலம்பூரைச் செங்கல்லில் மறுபடி கட்டியபோது சூளைகள் இங்கே இருந்தன; பெயர் அப்படி வந்தது. பிறகு ரயில்வே வந்தது. பாதை போடவும் பணிமனையில் உழைக்கவும் தமிழ்நாட்டுத் தமிழர்களும், எழுத்தர் வேலைக்கும் நிலைய அதிகாரி வேலைக்கும் யாழ்ப்பாணத் தமிழர்களும் குடியேறினார்கள். ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோயிலும், விவேகானந்தா ஆசிரமமும், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளும் அந்தக் குடியேற்றத்தின் தடங்கள். முன்பு பிரிக்பீல்ட்ஸ் ரோடு என்று இருந்த நெடுஞ்சாலை இப்போது துன் சம்பந்தன் சாலை. 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்து இந்தப் பகுதியை லிட்டில் இந்தியாவாகத் திறந்துவைத்தார்.

கூடைப்பந்தைத் தேடி வருபவர் பிரிக்பீல்ட்ஸில் பார்க்க வேண்டிய இடம், பாடாங் பெலியா சாலையில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. கோலாலம்பூரில் இந்த இயக்கம் 1905இல் தொடங்கியது. அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் ஒய்.எம்.சி.ஏ.வின் பயிற்சிப் பள்ளி ஒன்றில்தான் ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891இல் கூடைப்பந்தை உருவாக்கினார். பனிக்காலத்தில் கட்டடத்துக்குள் ஆடத் தகுந்த ஆட்டம் ஒன்று வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட வேலை. உள்மாடத்தின் விளிம்பில் ஆணியடித்த இரண்டு பீச் பழக் கூடைகள், ஒரு கால்பந்து, 13 விதிகள், அவ்வளவே தொடக்கம். அதன்பின் உலகெங்கும் அந்த ஆட்டத்தைக் கொண்டுபோனவர்கள் இதே இயக்கத்தின் செயலாளர்கள். சீனாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் அது போன வழி இதுதான். சென்னைக்கும் அப்படியே. 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இந்தியாவுக்கு நூற்றாண்டாக ஆசிரியர்களை உருவாக்கிக்கொண்டிருக்கிறது. தமிழ்நாடு இன்றும் இந்தியக் கூடைப்பந்தின் வலுவான மாநிலங்களில் ஒன்றாக இருப்பதில் அதற்குப் பங்குண்டு. மலாயாவில் ஆட்டத்தை ஊன்றச் செய்தவர்கள் சீனப் பள்ளிகளின் ஆசிரியர்கள். ஒரே விளையாட்டு இரண்டு கடற்கரைகளில் இரண்டு வகையாக வேர்விட்டது.

டிராகன்ஸின் பருவம் நடந்த மாதங்களில் கே.எல். சென்ட்ரலின் முக்கியத்துவம் வேறு. லீக்கின் மற்ற நகரங்களிலிருந்து வருபவர்கள் செப்பாங் விமான நிலையத்தில் இறங்குவார்கள்; அங்கிருந்து விரைவு ரயில் அரை மணி நேரத்தில் இங்கே கொண்டுவந்து சேர்க்கும். 2014 மேயில் கே.எல்.ஐ.ஏ.2 முனையம் திறக்கும் வரை குறைந்த கட்டண விமானங்கள் எல்.சி.சி.டி. என்ற எளிய முனையத்தில் இறங்கின. 2015-16 பருவத்தின் வெளியூர் ரசிகருக்குப் புதிய முனையமும் ஒரு வார இறுதிப் பையும் போதுமானவையாக இருந்தன.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து அரங்கத்துக்கு மோனோரயில். துன் சம்பந்தன் நிலையத்தில் ஏறினால் அடுத்தது மகாராஜாலேலா. ரயில் வளைந்து கிள்ளான் ஆற்றைக் கடந்ததும் முன்னால் மெர்டேக்கா 118 கோபுரம் வானத்தை மறைக்கிறது. 678.9 மீட்டர், உலகின் இரண்டாவது உயரமான கட்டடம். 2024 ஜனவரியில் முறைப்படித் திறக்கப்பட்டது. நிலையத்தில் இறங்கி மேட்டில் ஏற வேண்டும். பெட்டாலிங் குன்று என்று அழைக்கப்படும் இந்த மேடு, மலேசிய விளையாட்டின் பழைய இதயம். மெர்டேக்கா அரங்கில் 1957 ஆகஸ்டு 31ஆம் நாள் துங்கு அப்துல் ரஹ்மான் விடுதலையை அறிவித்தார். அதே அரங்கில் 1975இல் முகமது அலியும் ஜோ பக்னரும் குத்துச்சண்டையில் மோதினார்கள். பக்கத்தில் 1962இல் கட்டிய உள்ளரங்கமான நெகாரா அரங்கம். சற்றுத் தள்ளிச் சின் வூ சங்கத்தின் அரங்கமும் நீச்சல் குளமும். இவற்றுக்கு நடுவே, ஹாங் ஜெபாட் சாலையில், மலேசியக் கூடைப்பந்துச் சங்கத்தின் சொந்த வீடான மாபா அரங்கம்.

அளவில் அது சிறியது. சுமார் 2,500 பேர் உட்காரலாம். நாற்புறமும் படிவரிசை இருக்கைகள் தளத்தை நோக்கிச் சரிந்து வருகின்றன. முன் வரிசையில் இருப்பவருக்குக் காலணி தளத்தில் தேய்ந்து கீச்சிடும் சத்தமும், பயிற்சியாளர் நேர இடைவேளையில் சொல்வதும் காதில் விழும். பெரிய அரங்கங்களில் கிடைக்காத நெருக்கம் இது. புக்கிட் ஜாலிலில் இதைவிடப் பல மடங்கு பெரிய உள்ளரங்கம் இருக்கிறது. ஆனால் கூடைப்பந்துக்கு அங்கே போனால் ஆட்டம் தொலைவில் நடப்பதுபோல் ஆகிவிடும். மாபாவில் 2,500 பேர் சேர்ந்து கத்தினால், எதிரணியின் ஆட்டக்காரர் தடையிலா எறிதலுக்கு நிற்கும்போது பந்தை இரண்டு முறை கூடுதலாகத் தட்டிக்கொள்வார். இந்த அரங்கம் டிராகன்ஸுக்குக் கொடுத்த பலம் அதுதான்.

இனி பருவம். 2015 அக்டோபரில் தொடங்கி 2016 மார்ச் வரை நீடித்த அந்தப் பருவத்தில் ஆறு அணிகள்: டிராகன்ஸ், ஸ்லிங்கர்ஸ், தாய்லாந்தின் ஹைடெக் பாங்காக் சிட்டி, மோனோ வாம்பயர், வியட்நாமின் சைகோன் ஹீட், பிலிப்பைன்ஸின் பிலிபினாஸ் எம்.எக்ஸ்.3 கிங்ஸ். ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்தையும் நான்கு முறை சந்திக்கும். ஆக 20 ஆட்டங்கள், பாதி சொந்த ஊரில். முதல் நான்கு இடங்களைப் பிடிப்பவர்கள் அரையிறுதிக்கு. ஒரே எதிரியை நான்கு முறை சந்திப்பதில் ஒரு சிறப்பு உண்டு. முதல் சந்திப்பில் வேலை செய்த தந்திரம் மூன்றாவதில் வேலை செய்யாது. பயிற்சியாளரின் திறமை நவம்பரில் தெரியாது, பிப்ரவரியில்தான் தெரியும்.

டிராகன்ஸின் பயிற்சியாளர் ஏரியல் வான்கார்டியா, பிலிப்பைன்ஸ்காரர். மணிலாவின் தொழில்முறை லீக்கில் உதவிப் பயிற்சியாளராக இருந்து வந்தவர். லீக்கின் விதிப்படி ஆசியானுக்கு வெளியேயிருந்து சில வீரர்களையும், தென்கிழக்காசிய நாட்டவர் அல்லது அந்த வம்சாவளி உள்ள சிலரையும் சேர்த்துக்கொள்ளலாம், மீதி உள்நாட்டவர். இந்த விதியில்தான் லீக்கின் எல்லா அணிகளும் ஏறின, விழுந்தன. இரண்டு உயரமான அமெரிக்கர்களைக் கொண்டுவந்து பந்தை அவர்களிடம் வீசிவிட்டு மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும் அணிகள் லீக்கில் இருந்தன. அப்படிப்பட்ட அணியை ஜனவரிக்குள் எல்லோரும் படித்துவிடுவார்கள்.

டிராகன்ஸ் வேறு வழியில் கட்டப்பட்டது. அமெரிக்கர்கள் இருவர்: மயாமி பல்கலைக்கழகத்துக்கு ஆடிய ரெஜி ஜான்சன், 6 அடி 10 அங்குல உயரமும் அதற்கேற்ற பருமனும் உள்ளவர்; அடுத்து, துள்ளலும் வேகமும் கொண்ட கால்வின் காட்பிரே. பிலிப்பைன்ஸ் வம்சாவளியினர் இருவர்: கனடாவில் வளர்ந்த மேத்யூ ரைட், தொலைவிலிருந்து குறி தப்பாமல் எறிபவர், டெக்சாஸில் வளர்ந்த ஜேசன் பிரிக்மன், அணியை நடத்தும் பாயிண்ட் கார்டு. நால்வரில் மிகக் குட்டையானவர் பிரிக்மன். நால்வரில் மிக முக்கியமானவரும் அவரே. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் பிரிவில், கூட்டாளிக்குப் பந்து கொடுத்துப் புள்ளி எடுக்க வைக்கும் அசிஸ்ட் கணக்கில் 1,000ஐத் தாண்டிய நான்காவது வீரர் அவர். 2014இல் படிப்பை முடித்தபோது கணக்கு 1,009.

பிரிக்மனின் ஆட்டத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தால்தான் அந்த அணி விளங்கும். பந்தோடு மெதுவாக நடுக்கோட்டைத் தாண்டுவார். ஜான்சன் உள்ளேயிருந்து மேலே வந்து, பிரிக்மனைக் காக்கும் எதிரிக்குக் குறுக்கே சுவர்போல் நிற்பார். பிரிக்மன் அந்த உடம்பை உரசிக்கொண்டு பக்கவாட்டில் நழுவுவார். இப்போது எதிரணியின் இரண்டு தடுப்பாளர்களும் ஒரு கணம் அவரைப் பார்க்கிறார்கள். அந்தக் கணத்தில் ஜான்சன் திரும்பி வளையத்தை நோக்கி உருள்கிறார். பந்து தரையில் ஒரு தட்டுத் தட்டி இருவருக்கும் நடுவே போய் ஜான்சனின் கையில் சேர்கிறது. மூன்றாவது தடுப்பாளர் உதவிக்கு ஓடிவந்தால், அவர் விட்டுவந்த மூலையில் ரைட் தனியாக நிற்பார். பந்து அங்கே போகும், மூன்று புள்ளி. ரைட்டையும் மறைத்தால் மறு மூலையில் ஓர் உள்ளூர் வீரர். ஆட்டக்காரர்கள் இதைப் பிக் அண்ட் ரோல் என்கிறார்கள். எல்லா அணிகளும் ஆடும் ஆட்டம்தான். பந்து எந்தக் கணத்தில் கையை விட வேண்டும் என்பதை அறிந்தவர் கையில் அதற்கு மருந்தே கிடையாது.

இதில் மலேசிய வீரர்களுக்குக் கிடைத்த பங்கு கவனிக்கத் தக்கது. மூலையில் காத்திருப்பது சும்மா நிற்பதாகத் தெரியும். பந்து எப்போது வரும் என்று தெரியாமல், வந்த கணத்தில் எறியத் தயாராக, கால்களை அகட்டி முழங்காலை மடக்கி 40 நிமிட ஆட்டத்தின் பெரும்பகுதியை நின்றே கழிப்பது கடினமான வேலை. சங்கத் தளங்களில் எறிந்து எறிந்து பழகிய கைகளுக்கு அந்த வேலை பொருந்தியது. உள்ளூர் ஆட்டத்தின் இயல்பான பலத்தை அந்த அணி வீணாக்கவில்லை.

இறுதிச் சுற்றில் எதிரே வந்தது சிங்கப்பூர் ஸ்லிங்கர்ஸ். லீக்கின் தொடக்கத்திலிருந்தே இரு அணிகளும் பக்கத்து வீட்டுப் பகை வளர்த்தவை. பயிற்சியாளர் நியோ பெங் சியாங் தடுப்பாட்டத்தை முதன்மையாக வைப்பவர். வோங் வெய் லோங் அந்த அணியின் உள்ளூர் எறிதல் நட்சத்திரம். ஜஸ்டின் ஹாவர்ட் உள்வட்டத்தின் காவல். ஐந்து ஆட்டங்களில் முதலில் மூன்றை வெல்பவருக்குக் கோப்பை என்பது முறை. மாபா அரங்கத்துக்கும் சிங்கப்பூர் ஓ.சி.பி.சி. அரங்கத்துக்கும் இடையே தொடர் நகர்ந்தது. இரு நகரங்களுக்கும் நடுவே சுமார் 350 கிலோமீட்டர். விரைவுச் சாலையில் ஐந்து மணி நேரப் பேருந்துப் பயணம், ஜொகூர் பாலத்தில் நெரிசல் இல்லாவிட்டால். மற்ற அணிகள் விமானம் ஏறித்தான் எதிரியைச் சந்திக்க முடியும். இங்கே ரசிகர்கள் இரவுப் பேருந்திலேயே போய்வர முடிந்தது.

தொடர் ஐந்தாவது ஆட்டம் வரை போனது. டிராகன்ஸ் 3-2 என்று வென்றது. வேகமாக ஆட விரும்பும் அணியையும் ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்க விரும்பும் அணியையும் மோதவிட்டால் இப்படித்தான் ஆகும். யாருடைய வேகத்தில் அன்றைய ஆட்டம் நடந்ததோ அவர் வெல்வார். ஸ்லிங்கர்ஸ் அதன்பின் 2017இலும் 2019இலும் இறுதிக்கு வந்து தோற்றது; மூன்று இறுதித் தோல்விகள். அந்த அணியின் தரத்துக்கு அது நியாயமான பரிசாக இல்லை.

வென்ற அணி உடனே கலைந்தது. லீக்கின் இயல்பு அப்படி. ஒப்பந்தங்கள் ஒரு பருவத்துக்கே; நன்றாக ஆடியவரைப் பெரிய லீக் அழைக்கும். 2016இலேயே வான்கார்டியா மணிலா சென்று பீனிக்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். ரைட்டும் அதே அணிக்குத் தேர்வாகி, பிலிப்பைன்ஸ் தேசிய அணிக்கும் ஆடினார். கோலாலம்பூரில் அந்தப் பட்டத்தின் சுவை அடுத்த பருவத்துக்கு நீளவில்லை. லீக்கும் மாறியது. தைவான், ஹாங்காங், மக்காவ் அணிகள் சேர்ந்தன. பணமும் பயணத் தொலைவும் கூடின. 2016-17இன் பட்டம் ஹாங்காங் ஈஸ்டர்னுக்குப் போனது. பத்து அணிகளோடு 2019 நவம்பரில் தொடங்கிய பருவத்தில் கோலாலம்பூர் டிராகன்ஸ் என்ற பழைய பெயரில் அணி ஆடியது. கோவிட் தொற்றால் 2020 மார்ச்சில் ஆட்டங்கள் நின்றன. பருவம் முடிக்கப்படாமலே கைவிடப்பட்டது. 2023இல் லீக் ஓர் அழைப்புத் தொடராகத் திரும்பியபோது மலேசியாவின் சார்பில் ஆடியது நெகிரி செம்பிலானின் என்.எஸ். மேட்ரிக்ஸ்.

இந்தியாவில் 2015இல் தொடங்கிய யு.பி.ஏ. லீக்கும், அதில் ஆடிய சென்னை ஸ்லாம் அணியும் சில பருவங்களோடு நின்றுபோனதை நினைத்துப் பார்த்தால், பதினோர் ஆண்டுகள் நீடித்த டிராகன்ஸின் ஆயுள் சிறியதன்று. ஒரு துறைமுகத்தின் ஆதரவும், சங்கத்துக்குச் சொந்தமான ஓர் அரங்கமும் சேர்ந்ததால் கிடைத்த ஆயுள் அது. ஆதரவு தரும் நிறுவனம் மாறலாம், லீக்கே நிற்கலாம். அரங்கம் இருந்தால் ஆட்டம் தொடரும். 2017இல் கோலாலம்பூர் சீ விளையாட்டுப் போட்டிகளை நடத்தியபோது கூடைப்பந்து இதே மாபா அரங்கில் நடந்தது. ஆடவர் தங்கம் வழக்கம்போல் பிலிப்பைன்ஸுக்கு. மகளிர் தங்கம் மலேசியாவுக்கு. டிராகன்ஸைப் பற்றி எழுதப்பட்ட அளவில் கால்பங்குகூட அந்தப் பெண்களைப் பற்றி எழுதப்படவில்லை என்பது குறை.

இப்போது அந்தக் குன்றுக்குப் போகிறவர் மோனோரயிலின் மகாராஜாலேலா அல்லது ஹாங் துவா நிலையத்திலோ, எம்.ஆர்.டி.யின் மெர்டேக்கா நிலையத்திலோ இறங்கலாம். எல்லாம் நடை தூரமே. தேசியப் போட்டிகளும் வயதுப் பிரிவுப் போட்டிகளும் அரங்கில் நடக்கின்றன. ஆட்டமில்லாத நாளில் உள்ளே போக முடியாது என்பதால், நாளைப் பார்த்துக்கொண்டு போவது நல்லது. மேற்கிலிருந்து, கிள்ளானிலிருந்து வருபவர் திரும்பும் கடைசிக் கோமுட்டரின் நேரத்தையும் பார்த்துவைக்க வேண்டும். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனால் ரயில் காத்திருக்காது.